பேப்பர்காரரிடம் போன சீட்டு

போன ஆடி மாதம் என் மாமியாருக்கு நீர்க்கடுப்பு. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். "ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "அப்படி ஒண்ணும் இல்லை" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

இரண்டாம் நாள் ராத்திரி அவருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. உதடு வீங்கி, மூச்சு வாங்கியது. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு, விடியும்வரை கூடவே இருந்து பார்த்தார்கள். "ஸல்ஃபா வகை மருந்து இவங்களுக்கு ஆகாது. இனிமே தொடவே கூடாது" என்றார்கள்.

காலையில் காபியைக் குடித்தபடி மாமியார் மெதுவாகச் சொன்னார்: "ஒன்பது வருஷம் முன்னாடி திருச்சியிலேயும் இப்படித்தானே வந்தது! அந்த டாக்டர் சீட்டிலே எழுதிக்கூடக் கொடுத்தாரே." எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீடு மாறும்போது அந்தச் சீட்டுக்கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவளே நான்தான்.

இதைக் கேட்ட என் அண்ணன் மகள், "அத்தை, நான் படிக்கிறதே இதைத்தான்" என்றாள். ஏதோ கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயோமெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸாம். மருத்துவத் தகவலியல் என்று சொல்லலாம். நோயாளியின் சீட்டிலிருந்து உடம்புக்குள் இருக்கும் புரதம் வரை எல்லா விவரத்தையும் ஒழுங்காகச் சேர்த்துவைத்து, வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கையில் கிடைக்கச் செய்வது. டாக்டர், கணக்குப் படித்தவர், கம்ப்யூட்டர்காரர், உயிரியல்காரர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் இந்த வேலை நடக்குமாம்.

அவள் சொன்னதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஓர் அம்மாவின் கதை. மார்கரெட் டேஹாஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1925-இல் பிறந்தவர். ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், இரண்டு பெண்களுக்குத் தாய். 1960-இல் ராபர்ட் லெட்லி என்பவருடன் வேலைக்குச் சேர்ந்தார். இந்த லெட்லி யார் தெரியுமோ? பல் டாக்டர்! பிறகு பௌதிகமும் படித்தவர். டாக்டர்கள் நோயை எப்படி யோசித்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைக் கணக்காக விளக்கி, ஓர் எக்ஸ்ரே நிபுணரோடு சேர்ந்து 1959-இல் கட்டுரை எழுதியிருக்கிறார்.

புரதம் என்பது மணிமாலை மாதிரி. மணிகள் இருபது தினுசு. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் ஆளுக்கொரு இடத்தில் கண்டுபிடித்து, ஆளுக்கொரு பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். டேஹாஃப் அதையெல்லாம் திரட்டி, 65 புரதங்களை 1965-இல் ஒரே புத்தகமாகப் போட்டார். மூன்றெழுத்தில் எழுதிவந்த மணிகளின் பெயரை ஒற்றை எழுத்தாகவும் சுருக்கினார். மளிகை லிஸ்டில் நாம் 'து.ப.', 'உ.ப.' என்று போடுவதில்லையா, அப்படித்தான். அந்த எழுத்துகளையே உலகம் இன்றைக்கும் உபயோகிக்கிறது.

மணிகளின் வரிசை தெரிந்து என்ன லாபம் என்று நானும் கேட்டேன். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் ஒரு சரத்தில் 146 மணிகள். அதில் ஆறாவது மணி மட்டும் மாறி, அந்த மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் குழந்தைக்கு வந்துவிட்டால், சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும். சிக்கிள் செல் என்னும் அந்த நோய் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடமும் உண்டு. ஒரே ஒரு மணி!

டேஹாஃப் 1983-இல் காலமானார். மகள் ரூத் டாக்டரானார். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில், எக்ஸ்ரே போன்ற படங்களை நோயாளியின் கம்ப்யூட்டர் குறிப்போடு சேர்க்கும் வேலையை அவர்தான் முன்னின்று நடத்தினார். அம்மா மணிகளைக் கோத்தார், பெண் படங்களைக் கோத்தார்!

இப்போது ஒத்துக்காத மருந்தை டாக்டர் எழுதப்போனால், கம்ப்யூட்டரே எச்சரிக்கும் வசதி பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறதாம். ஆனால் முன்பே யாராவது அதில் பதிந்திருக்க வேண்டுமே! என்னைப் போல "ஒண்ணும் இல்லை" என்று சொன்னால் அது என்ன செய்யும், பாவம்.

அதனால் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். ஆளுக்கு இரண்டு பக்கம். ஒத்துக்காத மருந்து சிவப்பு மையில், என்ன ஆயிற்று, எப்போது என்பதோடு. கம்பெனி வைத்த பெயர் மட்டும் போதாது, அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் எழுத வேண்டும் என்றாள் அண்ணன் மகள். கடைக்குக் கடை கம்பெனி மாறுமே! தினமும் சாப்பிடும் மாத்திரை எத்தனை மில்லிகிராம், செய்துகொண்ட ஆபரேஷன், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட தேதி எல்லாம் உண்டு. கர்ப்பமாக இருக்கும் நாத்தனாருக்கு நர்ஸ் பதிந்து கொடுத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணையும் எழுதிவிட்டேன். பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போது கேட்பார்கள். பக்கங்களை ஃபோனில் படமும் எடுத்தாயிற்று.

மாமியார் பக்கம் முதல் நாளே நிரம்பிவிட்டது. என் வீட்டுக்காரர் பக்கம் மட்டும் இன்னும் காலி. கேட்டால், "எனக்கென்ன வியாதி?" என்கிறார். அவருடைய பிரஷர் மாத்திரை அட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.