கடையும் முன் அளவுத் தாளில் கையெழுத்து வாங்குங்கள்

மில்லிலோ ஐஸ் பிளான்டிலோ பெரிய டீசல் எஞ்சின் பேரிங் பிடித்து நின்றுவிட்டால் முதலாளிகள் கேட்பது இரண்டே கேள்வி: எவ்வளவு ஆகும், எப்போது ஓடும்? பேரம் போனிலேயே முடிகிறது. சில மாதத்தில் அதே பேரிங் மறுபடி பிடிக்கும்போது, யார் தவறு என்று காட்ட ஒரு தாள்கூட இருப்பதில்லை.

பல டன் எடையுள்ள வார்ப்பிரும்பு பிளாக்கைப் பட்டறைக்குத் தூக்கிப்போவது லேசில் நடக்காது. அதனால் போரிங் மெஷினை எஞ்சின் இருக்கும் இடத்திலேயே பொருத்தி, லைனர் உட்காரும் படியையும் மெயின் பேரிங் போரையும் கடைகிறார்கள். நல்ல முறைதான். படியைக் கடைந்து இறக்கினால் அந்த அளவுக்கு எஃகு வளையம் வைத்து லைனரைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரலாம். போர் பெரிதானால் வெளிவிட்டம் கூடிய பேரிங் ஷெல் வேண்டும். ஆனால் கடைந்த இரும்பு திரும்பி வராது. எஞ்சின் கம்பெனி அனுமதித்த எல்லையைத் தாண்டினால் பிளாக் காயலான் கடைக்குத்தான்.

ஆகவே, அளவுத் தாள் இல்லாமல் மெஷினை ஓட விடாதீர்கள். எஞ்சின் ஆறியபின், பேரிங் கேப்பைக் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கி, ஒவ்வொரு போரையும் நெடுக்கு, குறுக்கு, மூலைவாட்டாக அளக்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை எழுத வேண்டும். சூடேறிய இடத்தில் விரிசல் சோதனையும் கடினத்தன்மைச் சோதனையும் கட்டாயம். கடைந்தபின் அதே கட்டங்களில் மறுபடி அளவு. இரண்டிலும் காண்ட்ராக்டரும் உங்கள் இன்ஜினியரும் கையெழுத்திட வேண்டும். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றின் ரிப்போர்ட்டில் ஏழு பேரிங்குக்கும் ‘ஓகே’ என்று மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஓகே என்பது ஓர் அளவா?

வொர்க் ஆர்டரில் எழுத வேண்டியவை: எவ்வளவு வரை கடையலாம், ஷெல் யார் வாங்குவது, எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு உத்தரவாதம், பிளாக் வீணானால் யார் பொறுப்பு.

மெஷினரி பிரேக்டவுன் பாலிசி இருந்தால், கடையும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சர்வேயர் ‘நாளை’ என்று இழுத்தடித்தால் போனில் கெஞ்சாமல் மின்னஞ்சல் போடுங்கள். அவர் பார்க்கும்வரை பழைய ஷெல்லை எடைக்குப் போடாதீர்கள். கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, தனி உரிமையாளரும் குறுநிறுவனமும் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

வேலை சரியில்லையா? பில்லை மட்டும் நிறுத்திவைப்பது ஆபத்து. காண்ட்ராக்டர் உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனமாக இருந்தால், அந்நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை முடிந்த 15 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்டு அவர் அதே சட்டப்படி அமைந்த ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போவார். வாய்ச்சண்டை அங்கே செல்லாது.

வியாபாரத்துக்காகச் செய்த வேலைக்கு நுகர்வோர் ஆணையம் பொதுவாகக் கைகொடுக்காது. சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர் 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். மற்றவர்களுக்குச் சிவில் கோர்ட்டுதான், இல்லையேல் ஒப்பந்தத்தில் எழுதிய நடுவர்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது அளவுத் தாளைத்தான். மறுபடியும் சொல்கிறேன்: கடையும் முன் ஒன்று, கடைந்தபின் ஒன்று, இரண்டிலும் இருவர் கையெழுத்து. ஆட்சேபக் கடிதம் 15 நாளுக்குள்.