தொட்டிலருகே கற்ற வைத்தியம்

பிள்ளை வளர்ப்பதற்கெனச் சில ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டு வைத்தியசாலைக்குத் திரும்பும் பெண் வைத்தியரை, உடன் தொழில்புரிவோர் சிலர் பின்தங்கிவிட்டவராகவே கருதுவர். இடையில் வந்த புதிய மருந்துகளையும் முறைகளையும் அவர் கற்றேயாகவேண்டும் என்பது மெய். ஆயின் அவ்வாண்டுகளை வீணானவை எனக் கணக்கெழுதுவது தவறு. அழும் குழந்தையை அமைதிப்படுத்தும் ஆற்றலும் வைத்தியரின் கருவிகளுள் ஒன்றேயாகும்.

நியுமோனியா என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். இருமலுடன் வரும் குழந்தைக்கு அந்நோய் உண்டோ என அறிய, முதலில் மூச்சை எண்ணுவர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவின்படி, 2 மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தை நிமிடத்திற்கு 50 தடவையோ அதற்கு மேலோ, 1 முதல் 5 வயது வரையுள்ள பிள்ளை 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சுவிடுமாயின் அது விரைந்த சுவாசம். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணவேண்டும்; பிள்ளையும் அமைதியாயிருக்கவேண்டும். வீறிட்டழும் பிள்ளையின் மூச்சை எண்ணிப் பெற்ற தொகையை நம்பி மருந்து கொடுப்பதெங்ஙனம்?

ஆகவே தேர்ந்த வைத்தியர் பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து பிரிப்பதில்லை. சற்றுத் தள்ளி நின்றே அதன் நிறத்தையும் மூச்சையும் நோக்குவார். ஸ்தெதஸ்கோப்பை உள்ளங்கையிற் சூடாக்கிய பின்னரே மார்பில் வைப்பார். பிள்ளைகள் வெறுக்கும் காதுச் சோதனையும் தொண்டைச் சோதனையும் கடைசியிலேயே நிகழும். இவ்வொழுங்கு பாடநூல்களிலும் உண்டு. எனினும், உறங்கும் பிள்ளையின் நகத்தை வெட்டிப் பழகிய தந்தைக்கு அதனை விளக்கவேண்டியதில்லை.

வயிற்றோட்டத்திலும் அவ்வாறே. ‘ஜீவனி’ போன்ற உப்புக் கரைசலை, இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைக்கு ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் ஊட்டவேண்டும்; சத்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடரவேண்டும். எழுதிக்கொடுக்க ஒரு வரி போதும். நள்ளிரவில் அதனைச் செய்துமுடிப்பது எத்தகைய பாடு என்பதைத் தாமே ஊட்டிய வைத்தியர் அறிவார். ‘நிறையக் கொடுங்கள்’ என்று கூறி அனுப்பிவிடாது, கரண்டியைத் தாயின் கையிற் கொடுத்து, அங்கேயே ஊட்டச்செய்து பார்ப்பார்.

பெற்றோரின் அறிவை வைத்தியசாலைகள் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் சென்றது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் வைத்தியர், 1920களிலேயே தாய்மாரை நோயுற்ற குழந்தைகளுடன் தங்கவைத்தார். அந்நாட்டின் பிற வைத்தியசாலைகள் பலவும் அதன் பின்னரும் நெடுநாள், வாரத்திற் சில மணி நேரமே பெற்றோரை உள்ளே விட்டன. பெற்றோர் தடையின்றி வந்துபோக இடமளிக்கவேண்டும் என 1959இல் வெளிவந்த பிளாட் அறிக்கை வற்புறுத்திற்று.

தம் பிள்ளை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் வைத்தியர் தவறவும் கூடும்; ‘என் மகனும் இப்படித்தான் அழுதான்’ என்ற ஆறுதலுள் ஒரு கடும் நோய் மறைந்துவிடலாம். மறுபுறம், பிள்ளையில்லாத வைத்தியர்களும் தாய்மாரின் அருகே அமர்ந்தே இக்கலையைக் கற்றிருக்கின்றனர். ‘இன்று இவனுடைய அழுகை வேறுவிதமாயிருக்கிறது, டொக்டர்’ என்று ஒரு தாய் கூறும்போது, அவர்கள் அச்சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பிள்ளையை மறுபடியும் சோதிக்கின்றனர்.