வட்ட ரம்பத்திற்கு ஏற்ற நகரும் மேசை

கைத்தொழில்களுள் தச்சுத்தொழில் மிகத் தொன்மையானது. அதன் கருவிகளோ காலந்தோறும் மாறி வருவன. அவற்றுள் மேசை நடுவே சுழலும் வட்ட ரம்பம், அரை நாள் வேலையை அரை மணியில் முடிக்க வல்லது. கவனம் தவறியவிடத்து ஆயுள் முழுதும் மறையாத வடுவையும் அளிக்க வல்லது. இவ்வியந்திரத்தோடு இணைக்கப்பெறும் நகரும் மேசையைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நகரும் மேசை எற்றுக்கு எனின், கூறுவாம். பலகையை நெடுக்கே கிழிப்பதற்கு ரம்பத்தின் பக்கத்தே நிற்கும் நேர்ச்சட்டமே போதும். குறுக்கே அறுப்பதற்கோ, மேசையின் பள்ளத்தில் ஓடும் சிறு கோணச் சட்டத்தையே நம்ப வேண்டும். 10 அங்குல ரம்பங்களில் பற்களுக்கு முன்னுள்ள மேசைப்பரப்பு ஏறத்தாழ 1 அடியே. அதனினும் மிக அகன்ற பலகையை வைத்தால் கோணச் சட்டம் மேசைக்கு வெளியே தொங்கும், பலகை திரும்பும், திரும்பிய பலகை ரம்பத்தில் சிக்கி, நிற்பவர்மேல் எறியப்படும். 8 அடி நீளமும், 4 அடி அகலமும், 18 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒட்டுப்பலகை 30 கிலோகிராம் அளவு நிறையுடையது. அதனை ஒருவர் தனித்துத் தள்ளுதல் எளிதோ? பலகையைத் தள்ளாது, பலகையைத் தாங்கிய மேசையையே தள்ளினால் இவ்விடர் பெரிதும் நீங்கும். இக்கருத்தை ஜெர்மனி தேசத்து வில்ஹெல்ம் ஆல்டென்டார்ப் என்பவர் 1906ஆம் ஆண்டில் இயந்திரமாக்கினார்.

அத்தகைய முழு இயந்திரம் வாங்க இயலாதார்க்கு, தம்மிடமுள்ள ரம்பத்தின் இடப்புறத்தே பொருத்திக்கொள்ளும் நகரும் மேசைகள் உள. அவற்றை வாங்குமுன் ஆராய வேண்டுவன ஐந்து.

முதலாவது, ஓட்டத்தின் நீளம். 4 அடி அகலத்தை அறுக்க விரும்புவோர்க்கு அதனினும் சிறிது மிகுந்த ஓட்டம் வேண்டும். சிறு பெட்டிகளும் முக்காலிகளும் செய்வோர்க்கு 2 அடியே போதும்.

இரண்டாவது, இடவசதி. 4 அடிப் பலகைக்கு ரம்பத்தின் முன்னே 4 அடியும், பின்னே 4 அடியும், ஆள் நிற்க மேலும் 2 அடியும் வேண்டும். நெடுக்கே கிழிக்கும்போது முன்னே நீண்ட தண்டவாளம் காலை இடறும். ஆதலின் அது கழற்றி மாட்டுதற்கு எளிதோ என்பதையும் நோக்குக.

மூன்றாவது, ரம்பத்தின் தாங்குதிறன். கனத்த வார்ப்பிரும்பு மேசை இப்பாரத்தைத் தாங்கும். தகர உடலுடைய இலேசான ரம்பமோ ஒருபுறம் சாயும்.

நான்காவது, விறைப்பு. மேசையைக் கோடிவரை இழுத்து, அதன் முனையில் கையை ஊன்றிப் பாருங்கள். அங்கே தாழுமாயின், கனத்த பலகையை வைத்தபோதும் தாழும்.

ஐந்தாவது, திருத்தும் வசதி. நகரும் மேசை நிலைமேசையினும் மயிரிழை உயர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் பலகை இரும்பில் உராய்ந்து திரும்பும். அதன் ஓட்டம் ரம்பத்திற்கு இணையாகவும் அமைய வேண்டும். இவற்றைத் திருத்தும் திருகுகள் இல்லாத மேசையை விலை குறைவெனினும் விலக்குக.

பொருத்திய பின் சோதிக்கும் முறை ஒன்றுண்டு. ஒரு சதுரப் பலகையின் நான்கு பக்கங்களையும், ஒவ்வொரு முறையும் முன்னர் அறுத்த பக்கத்தை நகரும் மேசையின் குறுக்குச் சட்டத்தில் அணைத்து, வரிசையாக அறுக்க. ஐந்தாவதாக முதற்பக்கத்தையே மீண்டும் அறுத்து, விழும் கீற்றின் இரு முனைகளின் அகலத்தை அளக்க. மூலைமட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாத பிழையும் நான்கு மடங்காகப் பெருகி அங்கே வெளிப்படும்.

எச்சரிக்கை ஒன்று. குறுக்கே அறுக்கும்போது துண்டின் மறுமுனை நேர்ச்சட்டத்தைத் தொடலாகாது. தொடின், அறுபட்ட துண்டு இரண்டிற்கும் நடுவே இறுகி, அம்பெனப் பாயும். எவ்வளவு விலையுயர்ந்த மேசையும் இத்தவற்றினின்று நம்மைக் காவாது.

இத்துணையும் கூறியபின், வாங்கியே தீரவேண்டுமோ என நண்பர் சிலர் வினவலாம். மேசைப் பள்ளத்தில் ஓடுமாறு ஒட்டுப்பலகையால் சறுக்குத் தட்டு ஒன்றைத் தாமே செய்துகொள்ளலாம். 2 அடிக்கு உட்பட்ட வேலைகளுக்கு அதுவே பெரும்பாலும் போதும். முதலில் அதனைச் செய்து, ஓராண்டு பழகி, அதற்கு அடங்காத பலகைகள் அடிக்கடி வருமாயின் அப்பொழுது நகரும் மேசையை நாடுக. தேவை இன்னதென அறிந்தபின் கொடுக்கும் பணம் வீண் போகாது. பத்து விரலும் குறையாமல் நம்மிடமே இருக்கும்.