வாரம் ஒன்று, தினம் ஒன்று

மருந்துக்கடையில் மாத்திரை மாறிப்போகும்போது எல்லாத் தவறும் ஒரே அளவு ஆபத்தானதல்ல. காய்ச்சல் மாத்திரைக்குப் பதில் சத்து மாத்திரை வந்தால் காய்ச்சல் கொஞ்சம் இழுத்தடிக்கும், அவ்வளவுதான். ஃபோலிக் அமிலத்துக்குப் பதில் மெத்தோட்ரெக்ஸேட் வந்தால் உயிருக்கே ஆபத்து.

முடக்குவாதம், சொரியாசிஸ் உள்ளவர்களின் மருந்துச்சீட்டில் இவை இரண்டும் சேர்ந்தே இருப்பது வழக்கம். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலம் மற்ற நாட்களில். இரண்டும் பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். போதாக்குறைக்கு, இந்தியாவில் முன்னதன் வணிகப் பெயர்களில் ஒன்று ஃபோலிட்ராக்ஸ். பின்னதன் பெயர்களில் ஒன்று ஃபோல்வைட். அவசரக் கையெழுத்தில் முதல் பாதிக்குப் பிறகு வருவது ஒரு வளைகோடுதான். வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தினமும் எடுத்து இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் இந்த ஒரு குழப்பத்துக்காகவே தனிப் பரிந்துரைகளை வெளியிட்டது.

கடையில் நடந்த ஆள்மாறாட்டம் உடலுக்குள் மறுபடியும் நடக்கிறது. ஃபோலிக் அமில மூலக்கூறில் ஒரு மூலையில் ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் நைட்ரஜனை வைத்து, இன்னோரிடத்தில் ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டினால் மெத்தோட்ரெக்ஸேட். வித்தியாசம் அவ்வளவே. செல்லுக்குள் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதி, ஃபோலிக் அமிலத்தில் ஹைட்ரஜன் ஏற்றிப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அது இல்லாமல் டிஎன்ஏவுக்கான தைமிடின் உருவாகாது; செல் பிரிய முடியாது.

இந்த நொதியை ரேஷன் கடையில் பில் போடுபவராக வைத்துக்கொள்ளலாம். ஃபோலிக் அமிலம் முறையான அட்டைதாரர். வந்து, பில் வாங்கி, நகர்ந்துவிடும். மெத்தோட்ரெக்ஸேட் அதே முகச்சாயலுள்ள போலி அட்டைக்காரர். கவுன்டரைப் பிடித்துக்கொண்டவர் எளிதில் நகர மாட்டார். அசல் அட்டைதாரரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் இறுக்கமான பிடி. வரிசை தேங்குகிறது. அதோடு நிற்பதில்லை. உள்ளே வந்தவரின் முதுகில் செல்லே மூட்டை மேல் மூட்டையாகக் கட்டிவிடுகிறது. மூட்டை என்பது குளூட்டமேட் சங்கிலி. சுமை ஏறியவரால் வந்த வாசல் வழியாக வெளியேற முடியாது. மருந்து ரத்தத்திலிருந்து சில மணி நேரங்களில் இறங்கிவிட்டாலும் செல்லுக்குள் வாரக்கணக்கில் தங்குவது இதனால்தான். வாரம் ஒரு வேளை போதும் என்பதற்கும், தினமும் விழுங்கினால் மேலும் மேலும் குவியும் என்பதற்கும் காரணம் ஒன்றே. ஓயாமல் பிரியும் செல்களுள்ள வாய், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவை முதலில் அடி வாங்குகின்றன. வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக்கட்டு ஆகியவை எச்சரிக்கைகள்.

வரலாற்றில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சமே. 1930 வாக்கில் பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஈஸ்ட் சாறு தீர்ப்பதை மருத்துவர் லூசி வில்ஸ் கண்டார். அதில் வேலை செய்தது ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவமான ஃபோலேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் நடத்திய ஆய்வுகளிலிருந்து செயற்கை ஃபோலிக் அமிலமும், மெத்தோட்ரெக்ஸேட் உள்ளிட்ட அதன் எதிரிகளும் வந்தன. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை ரத்தப்புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை 1948இல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார்.

தவறு தெரிந்ததும் பலருக்கும் தோன்றும் யோசனை, விட்டுப்போன ஃபோலிக் அமிலத்தை இப்போது அள்ளி விழுங்குவது. அது உதவாது; அதுவும் அடைபட்ட அதே கவுன்டருக்குத்தான் போய் நிற்க வேண்டும். மருத்துவமனையில் தருவது ஃபோலினிக் அமிலம். அது ஏற்கெனவே பில் போட்டு முடித்த சரக்கு. பின்வாசலால் நேரே உள்ளே போகும். (ரேஷன் கடையில் பின்வாசல் குற்றம், செல்லில் அதுதான் சிகிச்சை.) எவ்வளவு சீக்கிரம் தருகிறார்களோ அவ்வளவு நல்லது என்பதால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து விழுங்கியிருந்தால், அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால், அன்றே மருத்துவமனை, தேவைப்பட்டால் 108. உப்புநீர் குடித்து வாந்தியெடுப்பது வேண்டாம். மருந்துச்சீட்டு, மாத்திரை அட்டை, பில், எந்த நாட்களில் எத்தனை விழுங்கப்பட்டன என்ற குறிப்பு, இவை கையோடு போக வேண்டும். இப்யூப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளும், தானே ஒரு ஃபோலேட் எதிரியான கோட்ரைமாக்ஸசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் நிலைமையை மோசமாக்கும். அவை எடுத்திருந்தால் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் நிம்மதியடைந்துவிட முடியாது. பழைய அணுக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதியவை வராதது சில நாள் கழித்தே எண்ணிக்கையில் தெரியும். ரத்தத்தில் மருந்தின் அளவும் இதில் நம்பத்தக்கதல்ல. சரக்கு செல்லுக்குள் இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளூகார்பிடேஸ் என்ற நொதியை அதிசய மாற்றுமருந்து என்கிறார்கள். அது ரத்தத்தில் உள்ளதை மட்டுமே வெட்டும். புற்றுநோய்க்கு உயர் அளவு மருந்து பெற்று, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கானது.

தலைகீழாக, மெத்தோட்ரெக்ஸேட்டுக்குப் பதில் ஃபோலிக் அமிலம் வந்திருந்தால் அவசரமில்லை. விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாக எடுக்காமல் மருத்துவரைக் கேட்டால் போதும். வேறு மருந்துகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை சர்க்கரை மாத்திரைகள். மாறி வந்த இவற்றால் ரத்தச் சர்க்கரை சரிந்து, இனிப்பு கொடுத்ததும் தெளிந்தவருக்கு மணிக்கணக்கில் கழித்தும் சர்க்கரை மறுபடி சரியலாம். மருத்துவமனையில் கண்காணிப்பு தேவை.

தடுக்கும் வழியாக இப்போது பேசப்படுவது கியூஆர் குறியீடு. 2023 ஆகஸ்ட் முதல் 300 வணிகப் பெயர்களுக்கு அது கட்டாயம். மருந்து எந்த நிறுவனத்தில் எப்போது தயாரானது என்று அது சொல்லும். அது உங்களுக்குரியதா என்று சொல்லாது. அதைவிடப் பயனுள்ளது, சத்தமில்லாமல் வந்த 2018ஆம் ஆண்டு விதித் திருத்தம்: பெரும்பாலான மருந்துகளில் மூலப்பெயர், வணிகப் பெயரைவிட இரண்டு அளவாவது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கடையிலிருந்து நகரும் முன் சீட்டோடு ஒப்பிட வேண்டியது அந்தப் பெயரைத்தான். அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை தரும் வழக்கம் இந்த நல்ல விதியையும் சேர்த்தே கத்தரித்துவிடுகிறது.

மருந்து விதிகள், 1945இன் 65ஆம் விதிப்படி, சீட்டுக்கான மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் தர வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்துக்குப் பதில் வேறொன்றைத் தரக் கூடாது. முறையீடு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு. இழப்பீடு கேட்க நுகர்வோர் ஆணையம். மருந்தால் நேர்ந்த பாதிப்பை 1800-180-3024 என்ற தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்ட எண்ணில் பதியலாம்; அது புள்ளிவிவரத்துக்கே தவிரத் தண்டனைக்கல்ல. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு அட்டையை மாற்றித் தர முன்வரலாம். சரியான மருந்தை வாங்கிக்கொள்ளலாம், தவறானதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. தொகுதி எண் அதில் இருக்கிறது. அது போனால் விசாரிக்க வரும் ஆய்வாளருக்குக் காட்ட முக்கியச் சான்று இராது.