மலைக்கு மேல் பாயும் தீக்கோளம்

இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இரவில் முற்றத்தில் நிற்போர், மேற்கு மலைத்தொடருக்கு மேல் பேரொளியுடன் தீக்கோளமொன்று பாய்ந்து மறைவதை எப்போதேனும் காணக்கூடும். கண்டவுடன், “எவருக்கு என்ன தீங்கு நேருமோ, சாமி?” என்று நம்மிடம் வந்து கேட்போர் உளர். பச்சை மரத்தைப் பார் என்று குழந்தைகளை அதட்டும் பாட்டிமாரும் நம் பங்குகளில் இல்லாமற் போகவில்லை.

அஃது எவருடைய விதியையும் சுமந்து வருவதன்று. விண்வெளியில் திரியும் கல், நொடிக்கு 11 முதல் 72 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துள் புகுந்து, சுமார் 100 கிலோ மீட்டர் உயரத்தில் ஒளிவிடத் தொடங்குகிறது. வெள்ளிக் கோளைவிட மிகுதியாக ஒளிர்வதையே தீக்கோளம் என்பர். பெரும்பாலானவை தரையைத் தொடுவதேயில்லை.

வானத்திலிருந்து கல் விழும் என்பதைக் கற்றோர் நெடுங்காலம் நம்பவில்லை. 1768-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் லூசே என்னும் சிற்றூரில், வயலில் உழைத்தோர் கண்ணெதிரே கல்லொன்று விழுந்தது. பஷலே என்ற குருவானவர் அதனைப் பாரிசு அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். லவாய்சியே உள்ளிட்ட அறிஞர்கள் ஆராய்ந்து, அது மின்னல் தாக்கிய மண்ணுலகக் கல்லே என்று முடிவு கூறினர். உழவர் சொல்லை யார் பொருட்படுத்துவார்! 1803 ஏப்ரல் 26 அன்று லெய்கில் என்ற ஊரைச் சுற்றிச் சுமார் 3,000 கற்கள் பொழிந்தன. பியோ என்ற இளம் அறிஞர் ஊர் ஊராகச் சென்று மக்களை விசாரித்தார். வேறுவேறு தொழிலும் நிலையும் உடையோரின் சாட்சியங்கள் ஒத்திருந்தன. அதன் பின்னரே அறிவுலகம் இணங்கியது.

ஆராயாது நம்புவதும் தகாது. 2016 பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் நேர்ந்த வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிர் நீத்தார். விண்கல்லே காரணம் எனத் தமிழக அரசு அறிவித்தது. நாசா அறிஞர்களோ, படங்களைக் கண்டு, தரையில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றனர். சிறு விண்கற்கள் விழுமிடத்தில் வெடிப்பதில்லை.

ஆகவே தீக்கோளத்தைக் காண்பவர் முதலில் மணியைக் குறித்துக்கொள்க. எந்த முகட்டுக்கு மேல் தோன்றி எங்கே மறைந்தது, எத்தனை நொடி ஒளிர்ந்தது என்பதையும் எழுதி வைக்க. ஓசை எழுமாயின் சில நிமிடம் கழித்தே வரும். அதற்குள் வீட்டுக்குள் ஓடிவிடலாகாது. நம் இரு ஊர்களுக்கும் இடையே 10, 12 கிலோ மீட்டர் தொலைவு உண்டன்றோ? 80 கிலோ மீட்டர் உயரத்தில் தலைக்கு மேல் ஓடும் தீக்கோளம், இவ்வூரார்க்கும் அவ்வூரார்க்கும் விண்மீன்களிடையே ஏறக்குறைய நீட்டிய கையின் முட்டியளவு இடம் மாறித் தோன்றும். அவ்வேறுபாட்டைக் கொண்டே உயரத்தைக் கணக்கிடலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு எட்டாத கணக்கன்று. இடைத்தொலைவு கூடினால் கணிப்பு இன்னும் திருத்தமாகும். மதுரையிலோ தென்காசியிலோ உறவினர் இருப்பின், அவர்கள் கண்டதையும் கேட்டெழுதிக் கொள்ளுங்கள்.