மெருகு எட்டாத இடங்கள்

பிறர் ஓட்டிய மோட்டார் காரை விலைக்கு வாங்கப் புறப்படுகிறவர் முதலில் தம் கண்களையே சற்றுச் சந்தேகிப்பது நல்லது. ஏனெனில், பெண் பார்க்க வருகிறவர்களுக்காக ஒழுங்குபடுத்திய கூடத்தைப்போல, அவ்வண்டி முந்தின நாளே நீராடி, மெருகேறி, டயர்களுக்குக் கறுப்புப் பூசிக்கொண்டு நிற்கும். மெருகிடும் கை எட்டாத இடங்களில்தான் அதன் பூர்வ சரித்திரம் இருக்கிறது.

விடியற்காலையில் போவது உசிதம். போனவுடன் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருமுன்பே எஞ்சினைக் கிளப்பிச் சூடேற்றியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். குளிர்ந்த எஞ்சின் தன் வியாதியை மறைப்பதில்லை. சைலன்சர் வழியே நீலப் புகை வந்தால், பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்து, எண்ணெய் உள்ளே புகுந்து எரிகிறது என்று பொருள். எஞ்சின் சூடேறிய பின்னும் ஓயாத வெள்ளைப் புகையானால், குளிர்விக்கும் நீர் எரியறைக்குள் கசிகிறதோ என்று ஐயுறவேண்டும். கரும்புகை, எரிபொருள் முழுதும் எரியாமல் வீணாவதற்கு அடையாளம். குளிர்காலையில் சிறிது நேரம் எழுந்து அடங்கும் நீராவியைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை.

மீட்டர் காட்டும் கிலோமீட்டர்க் கணக்கை நான் வேதவாக்காகக் கொள்வதில்லை. மீட்டர் 25,000 என்று சொல்ல, கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், நான் ரப்பரையே நம்புவேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் உண்டு. 3018 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 30-ஆவது வாரத்தில் செய்தது. வண்டியைவிட டயர் மிகவும் இளையதானால், அத்தனை குறைந்த ஓட்டத்திலேயே பழையவை தேய்ந்த காரணத்தைக் கேட்கலாம்.

ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் நீங்காதிருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவம் கைக்கு வரும்வரை முன்பணமும் கொடுக்கலாகாது. பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவரிடம் வியாபாரமே வேண்டாம்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னையில் கார் பார்க்கப் போன இடத்தில், இருக்கைப் பெல்ட்டை முடிவுவரை இழுத்துப் பார்த்தேன். கடைசி ஒரு சாண் நீளம், பழைய தேநீர் வடிகட்டித் துணியின் நிறத்தில் இருந்தது. விரலால் தேய்த்ததும் நயமான வண்டல் ஒட்டியது. டிக்கியின் விரிப்பைத் தூக்கினால், உபரிச் சக்கரம் கிடக்கும் பள்ளத்திலும் அதே மண். “முன்னால இருந்தவர் டீயைக் கொட்டிட்டார் சார்” என்றார் தரகர், சற்றும் தயங்காமல். பெல்ட்டை மெல்லச் சுருளவிட்டு, பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு நடந்தேன்.