தாலி கட்டுறது ஒரே ஒரு தடவைதான்! கல்யாண போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்வோம்



போன கூட்டமைப்புக் கூட்டத்தில், "அக்கா, நீங்க கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்குறீங்களாமே, நாங்களும் கத்துக்கலாமா?" என்று தங்கச்சிங்க சிலபேர் கேட்டாங்க. தாராளமாகக் கத்துக்கலாம். எங்கே, எப்படிக் கத்துக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கு. நான் பெரிய ஸ்டுடியோக்காரி இல்லை. வாரம் பூராவும் தையல் மெஷின், முகூர்த்த நாளில் கேமரா. அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்

நான் தனியாகப் போய் எடுத்த முதல் கல்யாணம், எங்க ஊர்ப் பொண்ணு கல்யாணம். வாடகைக் கேமரா. காலையிலிருந்து நல்லாத்தான் எடுத்தேன். கெட்டிமேளம் கொட்டியதும் எல்லாரும் எழுந்து நின்னு அட்சதை போட்டாங்க. நான் 3 தடவை பட்டனை அமுக்கினேன். ஒரு படத்தில் யாரோ ஒருத்தர் கை. ஒரு படத்தில் முகமே தெரியாத இருட்டு. இன்னொன்று கலங்கிப் போச்சு.

பத்து நாள் கழித்து அந்தப் பொண்ணு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துட்டு, "அக்கா, தாலி கட்டுற படம் எங்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த நிமிஷத்தை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?

ரவிக்கை தப்பாகத் தைச்சா பிரிச்சுத் தைக்கலாம். சோறு குழைஞ்சா மறுபடி உலை வைக்கலாம். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. அதனால் சகோதரிகளே, தப்புப் பண்ணிக் கத்துக்கிற இடம் வேற, காசு வாங்கி எடுக்கிற இடம் வேற. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அன்றைக்கு நான் கோட்டை விட்டது 3 விஷயத்தில்: நின்ற இடம், வெளிச்சம், கேமராவின் வேகம்.

1. எங்கே நிற்பது?

இதில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. நலங்கிலிருந்து அம்மி மிதிக்கிற வரைக்கும் எந்தச் சடங்குக்கு அப்புறம் எது என்று நமக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். முதல் நாளே பெண் வீட்டுப் பெரியவங்களிடம் உட்கார்ந்து கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூணாவது முடிச்சு யார் போடுவாங்க? மெட்டி யார் போடுவாங்க? எழுந்து நடக்க முடியாத பாட்டி, தாத்தா யாராவது இருக்காங்களா? அவங்க படம் கட்டாயம் இருக்கணும்.

தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றி வரும் இல்லையா? அதுதான் நமக்கு மணி அடிக்கிற மாதிரி. தட்டு மேடைக்குத் திரும்பி வரும் முன்னாடி நம் இடத்தில் போய் நின்னுடணும். "கெட்டிமேளம் கொட்டும்போது இந்த இடத்தை மட்டும் மறைக்காதீங்க அண்ணே" என்று பெரியவங்களிடமும் வீடியோ எடுக்கிறவரிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்கணும். ஒரு சின்ன ஸ்டூல் கொண்டுபோனால், கூட்டம் எழுந்து நின்றாலும் தலைக்கு மேலே இருந்து எடுக்கலாம்.

2. வெளிச்சத்தைப் பார்க்கப் பழகுங்கள்

இதுக்குக் கேமராகூட வேண்டாம், கையில் இருக்கிற செல்போன் போதும். காலையில் உங்க பிள்ளையை வாசல் நிலைப்படியில், முகம் வெளியே பார்க்கிற மாதிரி உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, வீட்டுக்குள்ளே இருந்து ஒரு படம். இரண்டாவது படத்தில் முகம் கறுத்துப் போயிருக்கும். பின்னாடி இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்து போகுது.

மண்டபத்திலும் இதே கதைதான். மேடைக்குப் பின்னாடி பளபளவென்று எல்.இ.டி. விளக்கு, மாப்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கேமரா அந்த வெள்ளையைக் குறைக்கப் பார்த்து, நம் ஊர் மாநிற முகத்தை இன்னும் கறுப்பாக்கிவிடும். கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட பட்டன் இருக்கும். அதைக் கூட்டல் பக்கம் 1 வரை வைத்துப் பாருங்கள். முகம் தெளியும்.

ஃபிளாஷை நேரா முகத்தில் அடிக்காதீங்க. நெற்றி வழவழவென்று மின்னும், பின்னாடி நிழல் விழும். கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கலாம். சிவப்பு, நீலத் துணிப் பந்தல் என்றால் அந்தக் கலர் முகத்தில் இறங்கிவிடும், அங்கே வேண்டாம்.

3. கேமராவின் வேகம்

ஸ்டுடியோவில் அப்பர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்பாங்க. பயப்படாதீங்க. தெருக்குழாயில் தண்ணி பிடிக்கிற கணக்குத்தான். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர். எவ்வளவு பெரிய குடம் என்பது ஐ.எஸ்.ஓ. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் சின்னக் குடம் வைத்த மாதிரி. சீக்கிரம் நிரம்பும், அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும். ரொம்பக் கூட்டினால் படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி வரும்.

என் படம் கலங்கினதுக்குக் காரணம் ஷட்டர். அன்றைக்கு அது 1/30 வினாடியில் இருந்தது. கை அசையும் சடங்குகளுக்கு 1/125-க்குக் குறையாமல் வையுங்கள். இருட்டாக இருந்தால் ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் வைக்கலாம், கலங்கின படத்தை வைக்க முடியாது.

சில விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் கரண்ட் வினாடிக்கு 50 சுற்று சுற்றுவதால் அந்த விளக்குகள் 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. அங்கே மட்டும் ஷட்டரை 1/100-ல் வைத்தால் கோடு குறையும்.

குரூப் போட்டோவுக்கு அப்பர்ச்சர் 5.6 அல்லது 8 வையுங்கள். 1.8-ல் வைத்தால் முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை மங்கலாகவும் வரும். அப்புறம் பின்னாடி நின்ற சித்தப்பா கோபப்படுவார்!

எங்கே பழகுவது?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அதுதான் நம் பள்ளிக்கூட மாதம். காதுகுத்து, வளைகாப்பு, நம் குழுவின் ஆண்டு விழா, இதெல்லாம் காசு வாங்காமல் எடுத்துப் பழகுங்கள். பிறகு அனுபவம் உள்ள ஒருத்தர்கூட உதவிக்கு 5 கல்யாணமாவது போங்க. லைட் பிடிக்கணும், பை தூக்கணும். பரவாயில்லை. அவர் எப்போ எங்கே நகருறார் என்று பார்த்தாலே பாதிப் பாடம்.

முறையாகக் கற்க விரும்புகிறவங்க மாவட்டத்தில் வங்கிகள் நடத்துகிற ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். அவங்க பயிற்சிப் பட்டியலில் போட்டோ, வீடியோ பயிற்சியும் உண்டு. பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம்.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் நல்ல படங்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு நிறுத்தாதீங்க. கெட்டுப்போன 20 படத்தை எடுத்து, ஏன் கெட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். நம் தீர்மானப் புத்தகம் மாதிரி இதுக்கும் ஒரு நோட்டு. நாலு நிகழ்ச்சி கழித்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப எந்தத் தப்பைச் செய்கிறோம் என்று அதுவே சொல்லும்.

படமும் நம்பிக்கையும்

மெமரி கார்டு கெட்டுப்போகும், தொலையும். அதனால் அன்றைக்கு ராத்திரியே 2 இடத்தில் பதிவு செய்யுங்கள். ஒன்று நம் வீட்டில், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஆல்பம் கைக்குப் போகும் வரை அழிக்காதீங்க. பேட்டரியும் 2 வேணும்.

மணப்பெண் அலங்கார அறைக்குள்ளே நம்மை நம்பி விடுறாங்க. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்கப் பெண்ணையே தேடுறாங்க. அந்த நம்பிக்கைதான் நம் முதலீடு. கேட்காமல் ஒரு படத்தையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீங்க.

காசுக் கணக்கு

எடுத்தவுடனே கடன் வாங்கிக் கேமரா வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுத்துப் பழகி, தொடர்ந்து வேலை வர ஆரம்பித்த பிறகு குழுவில் உள்கடன் கேளுங்கள்.

உதாரணத்துக்கு, ஆல்பத்தோடு சேர்த்து 15,000 ரூபாய் பேசுறீங்க. ஆல்பத்துக்கு 5,000, கேமரா வாடகை 1,500, கூட வரும் பெண்ணுக்கு 1,000, வண்டிச் செலவு 500. ஆகமொத்தம் 8,000 போக மிச்சம் 7,000. கல்யாணம் 2 நாள், படம் தேர்ந்தெடுத்துச் சரி பண்ண 3 நாள். 5 நாளுக்கு 7,000 என்றால் ஒரு நாளைக்கு 1,400. இப்படிக் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்லணும். பாதிப் பணம் முன்பணம். ராத்திரி திரும்பி வர வண்டிக்கு யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிடுங்க.

ரசீதில் உங்க பேரையே போடுங்க. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. 1913-ல் குஜராத்தில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பேரில்தான் வந்தன. 2011-ல் பத்மவிபூஷண் விருது அவர் பேரிலேயே வந்தது. நம் உழைப்புக்கு நம் பேர் இருக்கட்டும்.

முதல் கல்யாணத்தில் நான் தவறவிட்டேனே, அந்தப் பொண்ணு போன வருஷம் தன் குழந்தை காதுகுத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டாள். "இந்தத் தடவை விட்டுடாதீங்கக்கா" என்று சிரித்தாள். விடலை. குழந்தை அழுததும், மாமன் மடியும், அவள் கண்ணில் நின்ற தண்ணியும் ஒரே படத்தில் விழுந்திருக்கு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள். ஆர்வம் உள்ளவங்க 3 பேர் சேருங்கள், ஒரு நோட்டுப் போடுங்கள். நாளைக்குக் காலையில் வாசல் வெளிச்சத்தில் முதல் படத்தை எடுத்துப் பாருங்கள்.